ஜெல்லிக்கே எழுந்து ஓடியவன்

மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்கு எப்படிப் போக வேண்டும், எப்படிப் போகக் கூடாது என்று யாராவது கேட்டால், இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எப்படிப் போகக் கூடாதோ அப்படித்தான் முதல் தடவை போனேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியின் இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு என் டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே பன்னிரண்டு போயிருக்கிறது. மகள் கொடுத்த நோட்டும் பேனாவும் இருக்கின்றன. எழுதாமல் தட்டிக்கழிக்க இன்றைக்கு ஒரு சாக்கும் இல்லை.

என் பேர் தேசப்பன். வயது ஐம்பத்து நான்கு. பழவேற்காட்டிலிருந்து படகில் தாண்டிப் போகிற ஏரிக் கிராமங்களில் ஒன்று என் ஊர். பத்தாவது வரை படித்தவன் என்பதால் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது எழுதப்போகிற சங்கதியெல்லாம் எங்கள் ஆட்கள் மூன்றாவது கிளாஸ் சாராயத்துக்கு அப்புறம்கூட வாய்விட்டுச் சொல்லாத சங்கதி. படிக்கிறவர்கள் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். நாலு பேர் முகம் சுளிப்பார்களே என்று பயந்துதான் நான் ஒரு மனுஷனைக் கெடுத்தேன்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். நாங்கள் தண்ணீரில் நின்று பிழைக்கிறவர்கள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் கழி நட்டு, சுத்து வலை கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறாலுக்காக நிற்போம். சில நாள் மார்பளவு. வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். நம் பாடு வருகிற நாளில் காய்ச்சலும் பார்க்க மாட்டோம், கருமாதியும் பார்க்க மாட்டோம். நிற்கிற நாலைந்து மணி நேரத்தில் ஒண்ணுக்கு வந்தால் அதற்காக யாரும் கரையேறுவதில்லை. நின்ற இடத்திலேயே போய்விடுவோம். கரைக்கு வந்தால் மணல். வீட்டுக் கக்கூஸை நாங்கள் பெண்களுக்கு என்றே விட்டுவைத்திருக்கிறோம்.

ஆகக் கூடி, மீசை முளைத்த நாளிலிருந்து என் மூத்திரத்தின் நிறத்தை நான் பார்த்ததே கிடையாது. எத்தனை மாதம் ரத்தம் போனதோ, எனக்குத் தெரியாது.

பார்த்தது மீஞ்சூரில். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், புதுசாகக் கட்டிய மண்டபம். அங்கே வெள்ளைப் பளிங்கு போல டைல்ஸ், வெள்ளைப் பீங்கான். அதில் சிவப்பாக இறங்கிற்று. பந்தியில் போட்ட பீட்ரூட்தான் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மண்டப வாசலில் பீடியைப் பற்றவைத்த பிறகுதான் நினைவு வந்தது, பீட்ரூட்டை நான் தொடவே இல்லை, பக்கத்து இலைக்காரரிடம் தள்ளிவிட்டேன். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். மறுபடியும் சிவப்பு. ஆனால் துளி வலி இல்லை. வலி இல்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வலியில்லாமல் ரத்தம் போனால்தான் உடனே ஓடிவர வேண்டும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். பீடி குடிக்கிறவனுக்கு அது இரண்டு மடங்கு உண்மையாம். நான் நாளைக்கு இரண்டு கட்டு.

மூன்று நாள் மென்று முழுங்கிவிட்டு என் மனைவி தேவகியிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரப்பையின் சுவரில் சுண்டைக்காய் அளவு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது என்ன என்று உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பரிசோதனைக்கு சிஸ்டோஸ்கோப்பி என்று பேர். ஒண்ணுக்குப் போகிற துவாரம் வழியாகவே ஒரு மெல்லிய குழாயைப் பைக்குள் விடுவார்கள். குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். பைக்குள் தண்ணீர் விட்டு அதை விரிய வைத்து, உள்சுவரைத் திரையில் பார்ப்பார்கள். மயக்கம் கொடுப்பதில்லை, ஆபரேஷன் தியேட்டரும் இல்லை. புறநோயாளிகள் பக்கத்தில் ஒரு அறை, ஒரு கட்டில், வழி மரத்துப்போக ஒரு ஜெல்லி. ஐந்து நிமிஷ வேலை. முடிந்ததும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். பெண்களுக்கும் இதே பரிசோதனைதான், வழி சின்னது என்பதால் இன்னும் சுலபம். இவ்வளவும் எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு யாரிடமும் கேட்கவில்லை. ஆம்பளை போய் அதைப் பற்றிக் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

தை மாசம் ஒரு வியாழக்கிழமை. தேவகியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். லுங்கியை அவிழ்த்துவிட்டுப் பச்சைத் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால் இரண்டையும் அகட்டி இரண்டு தாங்கிகளில் வைத்தார்கள். டாக்டர், ஒரு நர்ஸ், சுவரோரமாக நர்சிங் படிக்கிற பெண்கள் மூன்று பேர். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். நர்ஸ் துணியை விலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஜெல்லியை எடுத்து, சில்லென்று இருக்கும் என்று சொல்லிவிட்டு விட்டார்.

சில்லென்றுதான் இருந்தது. நான் நடுங்குவதைப் பார்த்துப் படிக்கிற பெண்களில் ஒருத்தி கட்டிலருகே வந்தாள். நல்ல பெண். பேச்சுக் கொடுத்தால் பயம் தெரியாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எந்த ஊர் அங்கிள் என்று கேட்டாள். வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நானும் பழவேற்காடுதான் அங்கிள். உங்க ஊர்க்காரங்ககிட்டதான் எங்கம்மா எறா வாங்குவாங்க."

அவ்வளவுதான். ஏரியில் இருக்கிற அத்தனை படகும் அந்தக் கட்டிலைச் சுற்றி வந்து நிற்பது மாதிரி ஆகிவிட்டது எனக்கு. நாளைக்கு மார்க்கெட்டில் அவள் அம்மா என்னைப் பார்ப்பாள், சிரிப்பாள், பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வாள். காலைத் தாங்கியிலிருந்து எடுத்தேன். கருவிகள் வைத்திருந்த தட்டு என் முழங்காலில் பட்டுக் கீழே விழுந்தது. நர்ஸ் ஏதோ சொன்னார், டாக்டர் உட்காருங்க உட்காருங்க என்றார். நான் லுங்கியைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். குழாய் என் கண்ணில்கூடப் படவில்லை. ஜெல்லிக்கே ஓடியவன் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பாவம் அந்தப் பெண். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்று வரை.

வராந்தாவைச் சுற்றிக்கொண்டு தேவகியிடம் வந்து, முடிந்துவிட்டது, ஒன்றுமில்லையாம், உடம்புச் சூடாம் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பெஞ்சில் பக்கத்திலிருந்த அம்மா, பரிசோதனை முடிந்தால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். ரயிலில் மீஞ்சூர் வரும்வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தாள். எரியுதா, எரியுதா என்று வேறு கேட்டாள். நடக்காத பரிசோதனைக்கு நான் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தேன், கொஞ்சம் எரியுது என்றும் சொன்னேன். நடக்கும்போது காலைச் சற்று அகட்டி நடந்தேன். நடிப்பில் குறை வைக்கவில்லை.

இந்தப் பொய்யோடு நின்றிருந்தால் என் உடம்பு மட்டும் கெட்டிருக்கும்.

ஏகாம்பரம் தேவகியின் தம்பி, எனக்கு மச்சான். நாற்பத்தாறு வயது. சுத்து வலைக்கு இரண்டு பேர் வேண்டும், இருபது வருஷமாக எனக்கு அவன், அவனுக்கு நான். சாது. நண்டு கடித்தால்கூட நண்டைத் திட்டத் தெரியாது. நான் சென்னை போய்வந்த மறு வாரம் எங்கள் பாடு. இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவன் என்னைப் பார்க்காமல் வலையைப் பார்த்தபடி பேசினான்.

"மாமா, ரத்தம் போவுதுன்னு நீ சொன்னதுலருந்து எனக்கும் ஒரு இது. வெள்ள டப்பால புடிச்சிப் பாத்தேன். செவப்பாதான் இருந்திச்சி. நானும் போய்க் காட்டட்டுமா? இன்னா பண்ணுவாங்க அங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. சுற்று வட்டாரத்தில் ஆள் கிடையாது. என்னால் முடியலடா, எழுந்து ஓடிட்டேன், வா ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அவன் இருபது வருஷமாக என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன். அந்தப் பேரை விட மனசு வரவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"இந்தத் தடிமனுக்கு இரும்புப் பைப்பு மச்சான். அப்டியே சொருவுறான். நாலு பேரு அமுக்கிப் புடிச்சிக்கிறான். நானா இருக்கங்காட்டி பல்லக் கடிச்சிக்கினு தாங்கினேன். நீ தாங்க மாட்ட."

அவன் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், எழுதத்தானே உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த நோயில் ரத்தம் சில வாரம் வரும், சில வாரம் தானாக நிற்கும். நின்றதும் அவன் விட்டுவிட்டான். எனக்கும் நின்றது, நானும் விட்டுவிட்டேன்.

சித்திரை மாசம் எனக்கு மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை கட்டி கட்டியாக வந்து வழியையே அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுப் போகவில்லை. மத்தியானம் அடிவயிறு கல்லாகிவிட்டது. பெரிய வலி என்று எதையெதையோ சொல்கிறோம். அன்றைக்கு நான் பட்டதுதான் வலி. ஏகாம்பரம்தான் என்னைத் தூக்கிப் படகில் போட்டுப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்து ஆம்புலன்சில் ஏற்றினான். பொன்னேரியில் ரப்பர் குழாய் போட்டு மூத்திரத்தை இறக்கினார்கள். அடுத்த நாள் சென்னையில் சேர்த்தார்கள்.

சேர்க்கிற இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, தை மாசம் பரிசோதனை நடக்கவில்லை, நோயாளி பாதியில் எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருக்கிறதே என்று உரக்கப் படித்தார். தேவகி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மகள் செல்வி, மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், லீவு போட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். தேவகி என்னை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், படுக்கையில் வீட்டுப் போர்வையை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு ரயில்ல எத்தினி பாட்டில் தண்ணி குடிச்ச நீ? எதுக்கு?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். செல்வி மட்டும், விடும்மா, நைனாவுக்குப் பயம் இருக்காதா என்றாள். பெற்ற மகள் எனக்காகப் பரிந்து பேசும்படி ஆகிவிட்டதே என்று அவள் பேச்சுதான் அதிகம் உறுத்தியது. மச்சானிடம் சொன்ன பொய் அவர்களுக்குத் தெரியாது. அதை அப்போதும் நான் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து அதே அறை, அதே கட்டில். இந்தத் தடவை ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், அவசரமே படத் தெரியாதவர். கட்டிலில் ஏற்றுவதற்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, போன தடவை எதனால் எழுந்து போனீர்கள் என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரி கேட்டார். அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஊர்ப் பெண் என்றேன். அவர் சிரிக்கவில்லை. படிக்கிற பிள்ளைகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவுக்குத் திரை போட்டார். கூட யாராவது நிற்க வேண்டுமா என்று கேட்டார். தேவகி என்றேன். அவளை உள்ளே விட்டு என் தலைமாட்டில் நிறுத்தினார்.

அந்தக் குழாயை முதலில் என் கையில் கொடுத்தார். பென்சில் தடிமன்கூட இல்லை. வளைகிறது, விலாங்கு மாதிரி வழவழப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

மற்றவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் மிச்சத்தை விவரமாகச் சொல்கிறேன். ஜெல்லியை விட்டதும் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, பத்து நிமிஷம் ஒன்றும் செய்யப்போவதில்லை, மரத்துப்போகட்டும் என்றார். உங்களுக்குச் செய்கிறவர்கள் அவசரப்பட்டால், கொஞ்சம் பொறுங்க என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கலாம், தப்பில்லை. வேலை நடக்கிற இடம் தவிர மிச்ச உடம்பை முழுக்கத் துணியால் மூடினார். பாதி பயம் அந்தத் துணியிலேயே போய்விட்டது. டாக்டர் ஒவ்வொன்றையும் செய்யும் முன்னால் இப்போது இதைச் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்தார். உள்ளே ஒரு இடத்தில் வழி இறுக்கமாக இருக்கும், அங்கேதான் சுருக்கென்று இருக்கும். அந்த இடம் வரும்போது சிஸ்டர் கால் கட்டைவிரலை ஆட்டுங்கள் என்றார். ஆட்டினேன். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே ஒண்ணுக்குப் போகிற மாதிரி முக்காமல் தளர்த்துங்கள் என்றார். தளர்த்தினேன். எறும்பு கடித்த மாதிரி ஒரு கடி, அப்புறம் அவசரமாக ஒண்ணுக்கு வருகிற மாதிரி ஒரு முட்டல். அவ்வளவுதான். குழாய் உள்ளே போய்விட்டது. மூத்திரம் கசிந்துவிடுமோ என்று பயந்தேன். கசிந்தால் கசியட்டும், இங்கே இருப்பதெல்லாம் தண்ணீர்தான் என்றார்கள்.

விருப்பமிருந்தால் திரையைப் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தேன். வெளிச்சமான ரோஸ் நிறச் சுவர், அதில் மெல்லிய ரத்த நாளங்கள். ஒரு மூலையில், கல்லில் ஒட்டிய பாசி நீரோட்டத்தில் அசைவது மாதிரி, சின்னக் காம்பில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. அதுதான் என்றார் டாக்டர். காம்பு மெல்லிசாக இருக்கிறது, மேலோடுதான் இருக்கும் போலிருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்றார். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தேவகி வலிக்கிறது என்று நினைத்து நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். வலி எங்கே? இந்த ஐந்து நிமிஷத்துக்காகவா அத்தனை பொய் என்றுதான் அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து இரண்டு நாள் ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தது. இந்தத் தடவை நிஜமான எரிச்சல். தேவகி பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, அதே வழியாகக் கருவி விட்டு அந்தப் பாசியைச் சுரண்டி எடுத்தார்கள். வெளியே ஒரு வெட்டு இல்லை, தையல் இல்லை. பரிசோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய்தான், ஆனால் மேலோடு இருப்பது, சதைக்குள் இறங்காதது என்று வந்தது. மறுபடி முளைக்காமலிருக்க வாரத்துக்கு ஒரு தரம் பைக்குள் மருந்து விட்டார்கள். குழந்தைகளுக்குக் காச நோய் வராமல் தோளில் போடுகிற ஊசி மருந்தின் வகைதான் அது என்று டாக்டர் சொன்னார். இரண்டு மணி நேரம் அதை உள்ளேயே அடக்கிவைத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். சுலபமில்லை, ஆனால் முடியும்.

நான் வார்டில் கிடந்த நாட்களில் என் பாடு இரண்டு தடவை வந்தது. இரண்டுக்கும் ஏகாம்பரம் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நின்று, கிடைத்ததை என் வீட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். வாரம் ஒரு தடவை மடவை மீன் குழம்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, படகேறி, பஸ் ஏறி, ரயில் மாறி வருவான். குழம்பு சிந்தாமலிருக்க வழியெல்லாம் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக அவன் லுங்கியில் இருக்கும் கறை சொல்லும். ஆஸ்பத்திரிச் சோறு உனக்கு இறங்காது மாமா என்பான். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன், உனக்கு இன்னும் வருதா என்று. நடுவுல நின்னுச்சி, இப்ப மறுபடி என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூளை ஒரு புதுப் பொய்யைத் தேடிக் கண்டுபிடித்தது. இப்போது புதுப் பைப் வந்திருக்கிறது மச்சான், பென்சில் மாதிரி, வலியே இல்லை, அந்தப் பழசை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றேன். அவன் வர வேண்டும், என் பேரும் கெடக் கூடாது, இரண்டும் நடந்துவிடுமல்லவா? எவ்வளவு கெட்டிக்காரன் நான். அவன் முகம் தெளிந்தது. இந்தப் பாடு முடியட்டும், வந்துடுறேன் மாமா என்றான்.

ஆனி மாசம் வந்தான். அவனுக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் நடந்ததைச் சொல்லத் தயக்கமாக இருப்பதால் அது கடைசியில் இருக்கட்டும். அவனுடைய கட்டி சதைக்குள் இறங்கியிருந்தது. மூத்திரப்பையையே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு துவாரம் வைத்து அதில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறது, மூத்திரம் அதில் இறங்கும். இனி மார்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்ய அவனால் முடியாது. கரையில் உட்கார்ந்து வலைப் பொத்தல் அடைக்கிறான். தை மாசமே வந்திருந்தால் பை மிஞ்சியிருக்குமா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். மிஞ்சியிருக்கலாம், மிஞ்சாமலும் போயிருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதில் ஆறுதல் தேடப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவன் பரிசோதனைக்கு வந்த அன்றைக்கு அறையில் ஸ்டெல்லா சிஸ்டர் அவனிடமும் கேட்டார், கூட யார் நிற்க வேண்டும் என்று. வெளியே அவன் பெண்டாட்டியும் தேவகியும் இருந்தார்கள். எங்க மாமா என்றான். தலைமாட்டில் நின்றேன். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் சிஸ்டர். பிடித்துக்கொண்டேன். வலை இழுத்துக் காய்த்துப்போன கை, ஜில்லென்று இருந்தது. பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். கால் விரலை ஆட்டச் சொன்னார்கள், ஆட்டினான். குழாய் சுளுவாகப் போயிற்று. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

நான் திரையைப் பார்த்தேன். என்னுடையது மாதிரி பாசி இல்லை. படகின் அடியில் அப்பிக்கொண்டு, சுரண்டினாலும் வராத சிப்பி மாதிரி அகலமாக இருந்தது. டாக்டர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். தை மாசம் என்றான். அப்போதே ஏன் வரவில்லை என்றார்.

"பயம்தான் டாக்டர். எங்க மாமா அந்தப் பழைய இரும்புப் பைப்பயே தாங்கினாரு. எனக்கு அந்தத் தெம்பு இல்ல. புதுசு வந்திருக்குதுன்னு அவருதான் தைரியம் சொல்லி இட்டாந்தாரு."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழசா? நான் இங்க வந்ததுலருந்து இதே பைப்புதாங்க" என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து ஓடியது அவருக்குத் தெரியும். ஏகாம்பரத்தின் துணியைச் சரிசெய்தார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான்.

"தாங்கல மச்சான்" என்றேன். "ஜெல்லி போட்டப்பவே எய்ந்து ஓடிட்டேன். பைப்ப அன்னிக்கு நான் கண்ணால கூடப் பாக்கல."

அவன் கண்ணைத் திருப்பிக் கூரையைப் பார்த்தான். டாக்டர் இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்றார். இப்போது தண்ணீர் கொஞ்சம் அதிகமாக விடப்போகிறேன், முட்டும் என்றார். அவனுக்கு முட்டியிருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டான். என் விரல்களை இறுக்கிப் பிடித்தான். கடைசி வரை அந்தக் கையை அவன் எடுத்துக்கொள்ளவே இல்லை. எடுத்திருந்தால் எனக்குத் தேவலை.